சட்டையில் பலகார வாசம்

விமானத்துக்கான அலுமினியப் பாகங்களை மெஷினில் கடைவது என் வேலை. சூடு தணிக்க ஊற்றும் கூலண்டின் புளித்த வாடை சட்டையிலும் ஏறிவிடும். அருப்புக்கோட்டையிலிருந்து வீட்டுக்குப் போகும் பாலவனத்தம் பஸ்ஸில் யாரும் என் பக்கத்தில் உட்கார மாட்டார்கள்.

போன வாரம் கம்பெனியில் அந்தக் கூலண்டை நிறுத்திவிட்டார்கள். சுற்றுச்சூழலுக்கு நல்லதென்று இப்போது தாவர எண்ணெயைக் கொஞ்சமாகப் புகைபோலத் தெளிக்கிறோம். மெஷின் பலகாரச் சட்டிபோல மணக்கிறது.

இன்று ஒரு பெரியவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "தம்பி வடைக்கடை வச்சிருக்கீகளா?"

"ஆமாய்யா."

விமானம் என்றிருந்தால் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும். வடை என்றதால் ஊர் வரும்வரை பேசினார். வீட்டில் பேச ஆளில்லாதவனுக்கு அது பெரிது.

இறங்கும்போது, "நாளைக்கும் இதே பஸ்ஸுலதான் வாரேன். நாலு வடை கொண்டாங்க" என்றார்.

அருப்புக்கோட்டையில் நல்ல வடை எங்கே கிடைக்கும், சொல்லுங்கள். நானே சுட்டதுபோல் இருக்க வேண்டும்.