நாலு பேருக்குக் கட்டிய புளிசோறு

"கல்லு ஒடைச்சா கூலி தர்றான். ஏறி எறங்குனா எவன்டி தருவான்?"

செங்கல்பட்டுக்கு அப்பால் உள்ள பாறைகளில் ஏறுவதற்குச் சனி, ஞாயிறு இரண்டு நாள் போய் வருகிறேன் என்று சொன்னபோது அம்மா கேட்ட கேள்வி இது. கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அவளுக்குப் புரியவில்லை. பல்லாவரம் மலையடிக் குவாரியில் அவள் ஜல்லி உடைக்கத் தொடங்கியபோது நான் பிறக்கவே இல்லை. கல் என்றால் அவளுக்கு வேலை. சனிக்கிழமையை விட்டுக்கொடுத்து, ரயில் ஏறிப் போய், யாரும் கேட்காமல் ஒரு கல்லின் மேல் ஏறி, மறுபடி இறங்குவதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

அப்போது நான் தாம்பரத்தில் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். தொண்ணூற்றிரண்டாம் வருடம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான்தான். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. கல்லூரியில் என் வீடு எங்கே என்று கேட்டால் "பல்லாவரம்" என்பதோடு நிறுத்திக்கொள்வேன். பல்லாவரத்தில் எங்கே என்று யாராவது தொடர்ந்தால் பேச்சை மாற்றிவிடுவேன்.

எங்கள் விளையாட்டு ஆசிரியை இளமையில் மலையேற்றப் பயிற்சி எடுத்தவர். மைதானத்துக்குப் பின்னால் இருந்த பழைய கருங்கல் சுவரில் மாலை நேரங்களில் எங்களை ஏறவிடுவார். ஆறேழு பேராக ஆரம்பித்து, கடைசியில் மூன்று பேர் மிஞ்சினோம். ஒருத்தி அஸ்தினாபுரம். அவள் அப்பா வயலை மனைகளாகப் போட்டு விற்றவர். வீட்டில் இரண்டு கார். இன்னொருத்தி ராஜகீழ்ப்பாக்கம், அப்பா அரசு அதிகாரி. மூன்றாவது நான். மூவரில் நான்தான் நன்றாக ஏறுவேன். "உனக்கு மட்டும் எப்படிடி கால் வழுக்கவே மாட்டேங்குது?" என்று அஸ்தினாபுரத்துக்காரி கேட்பாள். சிறு வயதில் குவாரிக் குவியல்களின் மேல் அம்மாவுக்குத் தண்ணீர் தூக்கிப் போன கால்கள் இவை என்று நான் சொன்னதில்லை. சிரித்து வைப்பேன்.

உண்மையான பாறைக்கு ஒருமுறை கூட்டிப்போகிறேன் என்று ஆசிரியை சொன்னார். முதல் நாள் கயிறு கட்டி உயரமான பாறை. மறுநாள் கயிறில்லாமல் ஆள் உயரக் கற்கள். ஒருத்தி ஏறும்போது மற்றவர்கள் கீழே கை விரித்து நிற்க வேண்டும். இரவு அவருடைய அக்கா வீட்டில் தங்கல். இரண்டு நிபந்தனைகள். மூன்று பேரும் வர வேண்டும். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் சம்மதக் கடிதம் வர வேண்டும்.

திட்டம் போடும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். யாரும் கொடுக்கவில்லை, நானாக எடுத்துக்கொண்டேன். நாற்பது பக்க நோட்டில் ரயில் நேரம், யார் எதைக் கொண்டு வருவது, மழை வந்தால் எங்கே ஒதுங்குவது எல்லாம் எழுதினேன். கை வியர்க்காமலிருக்க ஏதாவது பொடி வேண்டும் என்றபோது ராஜகீழ்ப்பாக்கத்துக்காரி, "என்கிட்ட ஃபேஸ் பவுடர் புது டப்பா இருக்கே" என்றாள்.

"அதைப் போட்டா நேரா கீழதான் வருவ. நல்லா வாசனையா வருவ," என்றாள் மற்றவள்.

வகுப்பறைகளில் மிஞ்சிய சாக்பீஸ் துண்டுகளைப் பொறுக்கி, நான்தான் வீட்டு அம்மியில் அரைத்துத் துணிப்பையில் கட்டினேன். அன்றைய சட்னியில் சாக்பீஸ் வாடை வருகிறது என்று அம்மா இரண்டு நாள் திட்டினாள்.

சம்மதக் கடிதத்தையும் நானே எழுதினேன். நல்ல தமிழில், பிழையில்லாமல். மற்ற இருவரும் அதைப் பார்த்துத்தான் எழுதிக்கொண்டார்கள். அன்று மாலை அம்மாவிடம் படித்துக் காட்டினேன்.

"ஏதேனும் விபத்து நேர்ந்தால் கல்லூரி பொறுப்பல்ல" என்ற இடத்தில் அம்மா நிறுத்தினாள். "அப்போ யாரு பொறுப்பாம்?"

"நீதாம்மா."

"நான் எப்பவும் பொறுப்புதான. அதுக்கு இன்னாத்துக்குக் காயிதம்?"

திட்டிக்கொண்டேதான் கட்டை விரலை நீட்டினாள். மை தடவி, காகிதத்தில் அழுத்தினேன். எடுத்துப் பார்த்தால் ஒரு கோடு கூட இல்லை. கருப்பாக ஒரு வட்டம், அவ்வளவுதான். இத்தனை வருடம் கல்லைப் பிடித்ததில் ரேகை தேய்ந்து போயிருந்தது. அம்மாவின் விரலை அதற்கு முன் நான் அப்படி உற்றுப் பார்த்ததில்லை.

மறுநாள் கல்லூரி அலுவலகத்தில் இருந்த சார் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "இது கைநாட்டா, இல்ல மை கொட்டிடுச்சாம்மா? ரேகை தெரியணும். சாட்சிக் கையெழுத்தும் வேணும். கைநாட்டுன்னா அதான் வழக்கம்." குரலில் கடுமை இல்லை. பின்னால் வரிசையில் நின்ற இருவர் எட்டிப் பார்த்தார்கள். என் காது சுட்டது.

அன்று மாலை அம்மாவின் பத்து விரலையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தோம். இடது சுண்டு விரலில் மட்டும் ரேகை இருந்தது. "இத்த வேலைக்கே வெச்சிக்கல போல," என்று அம்மா சிரித்தாள். சாட்சிக்கு எங்கள் தெருவில் கையெழுத்துப் போடத் தெரிந்தவர் மளிகைக் கடை அண்ணன் ஒருவர்தான். என் வீட்டுக் காகிதத்துக்கு நானே சாட்சி சொல்ல முடியாது. கடைக்குப் போனேன். எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

"போன் நம்பரு கேக்க மாட்டாங்களா பாப்பா? நம்ம கடை நம்பரு எய்திக்கோ. பிபின்னு போட்டுடு," என்றார்.

பக்கத்து வீட்டு, கடை எண்களை அப்படி பிபி என்று குறித்துக் கொடுப்பது எல்லோருக்கும் வழக்கம்தான். ஆனால் அந்தக் கடைக்கு யாருக்காவது போன் வந்தால் அண்ணன் தெருவில் இறங்கி நின்று கத்துவார். எங்கள் வீட்டுக்கு வந்தால், "கல்லுக்காரம்மா பொண்ணு! போனு!" ரிசீவர் கல்லாப் பெட்டி மேல் திறந்தே கிடக்கும், எதிர்முனையில் இருப்பவருக்கு ஒவ்வொரு எழுத்தும் கேட்கும்.

"வேணாண்ணா. யாரும் பண்ண மாட்டாங்க," என்றேன். நோட்டில் மூன்று பேர் முகவரியும் போன் எண்ணும் எழுதியிருந்தேன். என் பெயருக்கு எதிரே ஒரு சிறு கோடு போட்டேன். மற்றவர்கள் அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் எழுதிக்கொண்டார்கள்.

சனிக்கிழமை அம்மா விடியுமுன் எழுந்து புளிசோறு கிளறினாள். எவன் கூலி தருவான் என்று கேட்டவள், நான்கு பேருக்கு நான்கு பொட்டலம் வாழையிலையில் கட்டினாள். "டீச்சருக்குக் கடலை அதிகமா போட்டுகீறேன். மாத்திக் குடுத்துடாத."

ஆறு மணிக்குத் தாம்பரம் நிலையத்தில், செங்கல்பட்டு வண்டி நிற்கும் நடைமேடையில் சந்திப்பதாக ஏற்பாடு. ஐந்தரைக்கே போய்விட்டேன். ஆறு மணி வண்டி போனது. தூங்கிவிட்டார்கள் போல என்று நினைத்தேன். அடுத்த வண்டியும் போனது. படிக்கட்டில் இறங்குகிற ஒவ்வொரு காலையும் பார்த்தேன், கேன்வாஸ் ஷூ தெரிகிறதா என்று. மூன்றாவது வண்டி வந்தபோது எழுந்திருக்கவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. வராததை விட, வராதது அவர்கள் எல்லோருக்கும் தெரிந்து எனக்கு மட்டும் தெரியாமல் போனதுதான் வலித்தது.

நடந்தது திங்கட்கிழமைதான் தெரிந்தது. வெள்ளி மாலை அஸ்தினாபுரத்து அப்பா ராஜகீழ்ப்பாக்கத்து அப்பாவுக்கு போன் செய்திருக்கிறார். "நீங்க அனுப்புறீங்களா சார்?" "நீங்க அனுப்பினா நாங்களும் அனுப்புறோம் சார்." இரண்டு பேரும் எதிராளியின் தயக்கத்தைத் தங்கள் முடிவாக எடுத்துக்கொண்டு போனை வைத்துவிட்டார்கள். இருவர் இல்லையென்றால் பயணம் இல்லை. ஆசிரியையிடமும் போனிலேயே சொல்லியாயிற்று. எழுதப் படிக்கத் தெரிந்த இரண்டு வீட்டிலும் கடைசிவரை கையெழுத்து விழவே இல்லை. அலுவலகத்தில் போய்ச் சேர்ந்த ஒரே கடிதம், சுண்டு விரல் ரேகை வைத்தது.

"உன் நம்பர் யார்கிட்டயுமே இல்லடி. டீச்சர் கூட கேட்டாங்க. நோட்டுல கோடு போட்டு வெச்சிருக்க," என்றாள் அஸ்தினாபுரத்துக்காரி. அவள் கண் கலங்கியிருந்தது. அவளைக் கோபித்துக்கொள்ள எனக்கு ஒரு காரணமும் இல்லை. அதுவே கஷ்டமாக இருந்தது.

அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். மூன்று பொட்டலத்தை நடைமேடையில் விழுப்புரம் வண்டிக்குக் காத்திருந்த ஒரு குடும்பத்துக்குக் கொடுத்தேன். வீட்டுக்குப் போக முடியவில்லை, என்ன சொல்வது? பல்லாவரத்தில் இறங்கி, வேலை நின்றுபோன பழைய குவாரிக் குழிக்குப் போனேன். என் உயரத்துக்கு ஒன்றரை மடங்கு இருக்கும் ஒரு கல் அங்கே தனியாகக் கிடக்கிறது. அம்மியில் அரைத்த பொடியைக் கையில் பூசிக்கொண்டு அதில் ஏறினேன். கீழே கை விரித்து நிற்க யாருமில்லை. மேலே போய் உட்கார்ந்து என் பங்குப் பொட்டலத்தைத் தின்றேன். விமானங்கள் தாழ்வாகப் போய்க்கொண்டிருந்தன. மாலைவரை ஏறி இறங்கினேன்.

ஒரே நாளில் முடித்துவிட்டார்கள் என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் என் கையைத் திருப்பிப் பார்த்தாள். விரல் நுனிகளில் தோல் உரிந்திருந்தது. அதைப் பார்த்து நம்பிவிட்டாள் என்று நினைத்தேன்.

"சோறு நல்லாருந்துச்சாமா?"

"டீச்சர் இன்னும் கேட்டாங்கம்மா."

மறுநாள் ஜல்லிக் கூடையை எடுத்து வைத்துக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் சொன்னாள்: "அந்தக் குயி பக்கம் தனியா போவாத. ஏறுறதுன்னா ஏறு. ஆனா கீய ஒருத்தர் நிக்கணும்."

அவளுக்கு யார் சொன்னார்கள் என்று இதுவரை நான் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு அவளே வந்து நின்றாள். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் பாதி ஏறியபோது, "போதும், எறங்கு," என்றாள். குவாரியில் ஆட்கள் விழுந்ததை அவள் பார்த்திருக்கிறாள். அதற்குப் பிறகு வரவில்லை.

இது நடந்து மூன்று வருடமாகிறது. அஸ்தினாபுரத்துக்காரிக்குக் கல்யாணம் ஆகிவிட்டது; ராஜகீழ்ப்பாக்கத்துக்காரி மேல்படிப்புக்கு வெளியூர் போனாள். அடுத்த மாதம் நிச்சயம் போகலாம் என்று மூவரும் கொஞ்ச காலம் சொல்லிக்கொண்டிருந்தோம், பிறகு அதையும் விட்டுவிட்டோம். நான் பள்ளியில் பாடம் நடத்துகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கல்லுக்குப் போகிறேன், பாதி உயரம் வரை மட்டும். அதற்கு மேல் போக ஆள் வேண்டும்.

போன வாரம் விளையாட்டு ஆசிரியை, பெண்களுக்கான பத்து நாள் பாறையேற்றப் பயிற்சிக்கு ஒரு விண்ணப்பம் அனுப்பியிருந்தார். முன்பின் தெரியாத இருபது பெண்களுடன் தங்க வேண்டும். அதிலும் வீட்டார் சம்மதம் கேட்டிருந்தார்கள். நான் சொல்வதற்குள் அம்மா இடது சுண்டு விரலை நீட்டினாள். மளிகைக் கடை அண்ணன் சாட்சி போட்டார். தொலைபேசி என்ற இடத்தில் அவர் கடை எண்ணை எழுதி, பக்கத்தில் பிபி என்று போட்டேன்.

"போன் வந்தா எப்டி கூப்புடணும்? டீச்சருன்னு கூப்புடட்டா?" என்றார்.

"எப்பவும் போலயே கூப்புடுங்கண்ணா."

திங்கட்கிழமை, பள்ளிக்குப் போகும் வழியில் பல்லாவரம் தபால் நிலையத்துக்குப் போய், பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன்.