காளிதாசனின் முன் இடது டயர்

யோகேஸ்வரி அய்யாவு. பிறந்தது 1983 ஜூன் 9, செர்டாங்கை அடுத்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில். தந்தை தோட்டத்து லோரி ஓட்டுநர். 2003 முதல் பதினெட்டு ஆண்டுகள் சுங்கை பட்டாணியில் ஒரு டயர்க் கடையின் காசாளர். 2022 பிப்ரவரியில் அதே ஊரின் பாக்கார் ஆராங் பகுதியில் சொந்தக் கடை. இங்கே எழுதப்படுவது 2024ஆம் ஆண்டு ஆயுத பூசையையும் அதற்கு மறுநாளையும் பற்றியது.

காசாளர் மேசைக்கு இரண்டு வகை முகங்கள் வரும். டயர் மாட்டிய அன்று மலர்ந்த முகம். மாதங்கள் கழித்து, "புதுசுன்னுதானே குடுத்தீங்க, அதுக்குள்ள போத்தாக் ஆயிடுச்சு" என்று மொட்டை டயரைக் காட்டும் கடுத்த முகம். மாட்டிய நாளில் பூ எவ்வளவு ஆழம் இருந்தது என்பது கடைக்காரருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. டயரின் மேல் ஓடும் வரிப்பள்ளத்தைத்தான் இவ்வட்டாரத்தில் பூ என்பார்கள். இத்தனை சண்டைக்கும் ஒரு நிமிட வேலையே மருந்து என்று யோகேஸ்வரி அந்த மேசையிலேயே முடிவு கட்டிவிட்டார்.

ஆகவே சொந்தக் கடையில் ஒரு வழக்கம் வைத்தார். டயர் ரிம்மில் ஏறுமுன் ஆழம் பார்க்கும் கேஜை வாங்குபவர் கையிலேயே கொடுப்பார். அவரே அளந்து, எண்ணை உரக்கப் படிக்க வேண்டும். கூச்சப்படுகிறவர்களையும் விடமாட்டார்; எதிரே நூடுல்ஸ் வறுத்து விற்பவரைக் கைகாட்டுவார்.

"இன்னும் சத்தமா அண்ணே, எதிர்க்கடை மீ கோரெங்காரருக்குக் கேக்கணும்!"

அளந்தவர் புருவம் சுருங்கினால் விளக்கமும் தயார். "புது டயர்னா எல்லாம் ஒரே ஆழம் இல்லண்ணே. சாதாரண காருக்கு ஏழரை, எட்டு மில்லிமீட்டர் இருக்கும். பெட்ரோல் எண்ணெ மிச்சம் பண்ற டயர் ஆறரை, ஏழுலயே வரும். அது பழசு கிடையாது. ஃபோர் வீல்னா பத்துக்கு மேல. ஒண்ணு புள்ளி ஆறுக்கு எறங்கிட்டா கழட்டணும், அது சட்டம். மழைக்கு நான் மூணுலயே கழட்டச் சொல்வேன் லா."

அந்த வழக்கம் ஒரே ஒரு நாள் தவறியது. அக்டோபர் 11, வெள்ளிக்கிழமை, ஆயுத பூசை. தொழிற்சாலை ஆட்களைக் காரில் ஏற்றி இறக்கும், தம்மையும் சேர்த்துப் பத்து ஓட்டுநர்களின் தலைவர் காளிதாசன், கடை திறக்குமுன்பே வந்து நின்றார். தம் காருக்கு நான்கு டயர். திருப்தியானால் தீபாவளிக்குள் மற்ற ஒன்பது காரும் இங்கேதான் வரும் என்பது பேச்சு. கடை திறந்த நாள் முதல் யோகேஸ்வரி காத்திருந்த வாய்ப்பு அது. ஆனால் கேஜை நீட்டியபோது காளிதாசன் கையை உதறினார்.

"ராகு காலம் பொறக்குறதுக்குள்ள கோயிலுக்குப் போகணும் தங்கச்சி. பூச முடிஞ்சு வீட்டுல நானே அளந்துக்குறேன். எங்கிட்டயும் ஒண்ணு இருக்கு."

யோகேஸ்வரிக்கு மனம் ஒப்பவில்லை. ஆனாலும் நல்ல நாளில் வாடிக்கையாளரை மறிப்பதா என்று விட்டுவிட்டார்.

மறுநாள் காலை அதே கார் கடைமுன் வந்து நின்றது. காளிதாசன் இறங்கினார், மறுபக்கம் அவர் மனைவி பிரேமாவதி. பின்னால் இன்னும் இரண்டு கார்கள், அவருடைய ஓட்டுநர்கள். காளிதாசன் முன் இடது சக்கரத்தைச் சுட்டினார். டயரின் மேல் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு.

"மத்த மூணும் ஏழு புள்ளி ஒம்பது. இது மட்டும் அஞ்சு புள்ளி ஒண்ணு. கோடு போட்ட எடத்துல நீயே அளந்து பாரு."

யோகேஸ்வரி குனிந்தார். முதலில் டயரின் பக்கவாட்டு எண்ணைப் பார்த்தார்: 2824. அதே ஆண்டு, இருபத்தெட்டாம் வாரத்தில் செய்தது. பிறகு தம் கேஜை ஊன்றினார். ஐந்து புள்ளி ஒன்று.

தேதி புதிது, பூ மட்டும் எப்படித் தேயும்? ஓட்டுநர் ஒருவர் மற்றவர் காதில் முணுமுணுப்பது கேட்டது. பழைய டயரைப் புதிதென்று விற்றவள் என்ற பெயர் மாலைக்குள் பாக்கார் ஆராங்கைச் சுற்றிவந்துவிடும். ஒன்பது கார்கள் மட்டுமல்ல, கடையே அந்தக் கோட்டின்மேல் நின்றது.

கேஜின் ஊசியைத் துடைக்கத் துணியை எடுத்தவர் நின்றார். ஊசி முனையில் ஈரம். மூக்கருகே கொண்டுபோனார். இன்னொரு முறை முகர்ந்தார். உதட்டோரம் மெல்லத் துடித்தது.

"அண்ணே, நேத்து கோயில்ல சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வெச்சீங்களா?"

"வெக்காம? நாலு சக்கரத்துக்கும் நாலு. ஐயர் மந்திரம் சொல்ல, ஏத்தி நசுக்கிட்டுத்தான் வந்தோம்."

யோகேஸ்வரி திருப்புளி முனையைப் பள்ளத்தில் விட்டு நெம்பினார். சாலைத் தாரும் புழுதியும் அப்பி, ரப்பரோடு ரப்பராய்க் கறுத்துக் கிடந்த ஒரு துண்டு வெளியே வந்து விழுந்தது. திருப்பிப் போட்டால் மறுபுறம் மஞ்சள் தோல். கூடவே இரண்டு விதைகள்.

பிரேமாவதிதான் முதலில் வெடித்துச் சிரித்தார். "சின்னப் பழமா எடுங்கன்னு தலப்பாடா அடிச்சிக்கிட்டேன்! ஆரஞ்சு சைஸுல தேடி எடுத்தாரு, தொழில் பெருசா வரணுமாம்!"

"அடச் சே," என்று காளிதாசன் தலையில் கைவைத்தார். "எல்லா டயரையும் அளந்தேன், டயருக்கு ஒரே எடத்துல."

"அதான் தப்பு. ஒரு டயர்னா சுத்திவர மூணு எடம், உள்வரி வெளிவரி ரெண்டும் பாக்கணும். நேத்து நான் உங்கள அளக்காம அனுப்புனதும் தப்புதான்." யோகேஸ்வரி கேஜை நீட்டினார். "இப்பப் படிங்க. சத்தமா."

காளிதாசன் அதே கோட்டில் ஊன்றினார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஏழு புள்ளி ஒம்பது!"

எதிர்க்கடையிலிருந்து கரண்டியைத் தூக்கிக் காட்டினார் மீ கோரெங்காரர். ஓட்டுநர்கள் இருவரும் கைதட்டினார்கள்.

"தலைவரே, டயர் கேரண்டியில எலுமிச்சம்பழமும் சேத்தியா?" என்றார் ஒருவர்.

"நீ மொதல்ல ஒன் கார அந்தத் தூக்கியில ஏத்துடா," என்றார் காளிதாசன்.

அன்றே இரண்டு கார்கள் கடையின் தூக்கியில் ஏறி டயர் மாற்றின. மற்றவை அடுத்தடுத்து வந்தன. ஒவ்வோர் ஓட்டுநரும் தம் டயரைத் தாமே அளந்தார், மூன்று இடங்களில், தெருவுக்கே கேட்கும்படி.

அக்டோபர் 30, தீபாவளிக்கு முதல் நாள் நிலவரம்: ஒன்பது கார்கள், முப்பத்தாறு டயர்கள், மிகக் குறைந்த அளவு 7.8 மில்லிமீட்டர்.