உப்புப் பூத்த இன்ஜின்

குமார் மாமா, கடலில் கிடந்த இன்ஜினை எங்கள் அப்பாவின் தலையில் கட்டியது நீங்கள்தான்.

இன்று கடலூர் துறைமுகத்தில் டீசலும் உப்புச் சேறும் கலந்த வாடை அடித்ததும், சிதம்பரம் சாலையில் இப்போது பெட்ரோல் பங்க் நிற்கும் இடத்தில் முன்பு இருந்த தகரக் கொட்டகை நினைவுக்கு வந்தது. சுனாமிக்கு அடுத்த வருடம், வேறு கார் வாங்க வழியில்லாமல், அப்பா வாடகைக்கு ஓட்டிய தன் சொந்தப் பழைய அம்பாசிடரில், புதுசு என்று சொல்லி நீங்கள் கொண்டுவந்த இன்ஜினை, புளியமரக் கிளையில் சங்கிலி போட்டுத் தூக்கி, மழை தகரத்தில் இரைய இரைய, நாள் கணக்கில் அங்கேதான் மாட்டினார்கள்.

சோறு கொண்டுவந்த அம்மா, போல்ட் இடுக்கில் பூத்திருந்த வெள்ளையைத் தொட்டு நக்கிப் பார்த்தாள். "கடலுப்புங்க இது. எங்கண்ணன் குடுத்தா என்னா, பிரிச்சுப் பாத்துட்டு மாட்டுங்க."

"மச்சான் குடுத்தத பிரிச்சுப் பாத்துட்டு, அவரு மூஞ்சில எப்புடி முழிக்கிறது? நீ சோத்தப் போடு," என்றார் அப்பா.

அந்த மாதமே கீரப்பாளையம் அருகே இன்ஜின் இறுகி நின்றுவிட்டது. இன்றுவரை அப்பா அடுத்தவர் காரைத்தான் ஓட்டுகிறார். உங்களை ஒரு வார்த்தை கேட்டதில்லை. நான் கேட்கிறேன். நடக்கப்போகும் உங்கள் மகள் கல்யாணப் பந்தலில், சொந்தக்காரர்கள் எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள்: தெரிந்துதான் கொடுத்தீர்களா, இல்லையா?