கத்தரிக் கட்டுரையும் என் தங்கையும்

1. வந்த கட்டுரை

ஹட்டனில் எங்கள் ஆய்விதழுக்கு நான் ஆசிரியராகி முதலில் கையில் எடுத்த கட்டுரையே என்னை மாட்டிவிட்டது. தேயிலைக் கொழுந்தைக் கையால் கிள்ளாமல் கத்தரியால் வெட்டினால் பெண்களின் தோள்வலி குறைகிறது என்றது அது. எழுதியவர் பல்கலைக்கழக விரிவுரையாளர் கலாநிதி ரமணன். ஆய்வு நடந்தது வட்டவளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். என் தங்கை செல்வி கொழுந்தெடுப்பதும் அங்கேதான்.

அந்த ஞாயிறு அவளைப் பார்க்கப் போனேன். கட்டுரையைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. அவளே ஆரம்பித்தாள்.

"கத்தரி ஆராய்ச்சி பண்ண ஒரு சேர் வந்தாருல்ல, அவரு கத்தரிக் கம்பெனிக்கே ஆலோசகராம். தோளு வலி தாங்காம பாதியில கத்தரிய வச்சிட்டுப் போனவங்ககிட்ட ஒரு வார்த்த கேக்கல. ஒங்க புத்தகத்துலதான் வரப்போவுதுன்னாரு. அது வந்துட்டா தோட்டத்துல எல்லாருக்கும் கத்தரிதானாம். நீதானே அங்க பெரியவ? நிறுத்திரு அக்கா."

"நான் நிறுத்தக் கூடாது செல்வி. நீ என் தங்கச்சி."

"வலிக்கிறது எனக்குத்தானே" என்றவள் எழுந்து லயத்து வீட்டுக்குள் போய்விட்டாள். அவள் ஊற்றி வைத்த தேநீரைக்கூடக் குடிக்காமல் பஸ் ஏறினேன்.

2. தொலைபேசியில்

கட்டுரையில் கம்பெனியைப் பற்றி ஒரு வரியும் இல்லை. மறுநாள் ரமணனை அழைத்துக் கேட்டேன். அவர் மறுக்கவில்லை.

"ஆமா மிஸ், ஆலோசனை சொல்றேன். அதனால என்ன? நான் அளந்தது பொய்யில்லையே."

"பொய்னு சொல்லலைங்க சேர். அதையும் கட்டுரையில எழுதுங்கன்னுதான் சொல்றேன்."

"எழுதினா எவன் நம்புவான்?"

"எழுதாம விட்டு, பின்னாடி தெரிஞ்சா எவன் நம்புவான்?"

அவர் குரலை மாற்றிக்கொண்டு, "ஒங்க தங்கச்சி அந்தத் தோட்டத்துலதான் வேலைன்னு அங்க சொன்னாங்களே? அதையும் எழுதுவீங்களா?" என்றார்.

என்னை மிரட்டுவதாக நினைத்திருப்பார்.

"எழுதுவேங்க சேர். இன்னைக்கே குழுவுல சொல்றேன்."

3. வெளியே நின்ற நாட்கள்

அன்று பிற்பகலே ஆசிரியர் குழுவில் எல்லாவற்றையும் சொன்னேன்: ரமணன் சொன்னது, தங்கை சொன்னது, அவள் என்னிடம் கேட்டது. இந்தக் கட்டுரையிலிருந்து விலகுகிறேன் என்றேன். இணை ஆசிரியர் சிவநேசன், யாழ்ப்பாணத்துக்காரர், புள்ளிவிபரம் படிப்பிப்பவர், என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்கள் விலகினால் கட்டுரை அப்பிடியே அச்சுக்குப் போயிடும் எண்டு பயமில்லையோ?"

"பயமாத்தான் இருக்குங்க சேர். ஆனா நான் உக்காந்து தடுத்தா, அவரு செஞ்சதுக்கும் நான் செய்றதுக்கும் என்ன வித்தியாசம்?"

"சரி, நான் பாக்கிறன். ஆனா இது முடியுமட்டும் என்னட்டை ஒண்டும் கேக்கக் கூடாது."

நான் கேட்கவில்லை. அந்தக் கட்டுரை பேச்சுக்கு வந்தபோதெல்லாம் அறையை விட்டு வெளியே போனேன். செல்வி தொலைபேசியை எடுக்காமலே இருந்தாள். வாயைத் திறந்துவிடுவோம் என்று தோன்றிய நாட்களும் உண்டு. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

கம்பெனியோடும் தோட்டத்தோடும் தொடர்பில்லாத இருவருக்குக் கட்டுரையை மதிப்பிட அனுப்பினார் சிவநேசன். இருவரும் பாதியில் விலகியவர்கள் எங்கே என்று கேட்டார்கள். ரமணன் முணுமுணுத்தபடி திரும்பவும் தோட்டத்துக்குப் போய் அவர்களைச் சந்தித்தார். முடிவு மாறியது. தோள் நன்றாக இருப்பவர்களுக்குக் கத்தரி உதவுகிறது. ஏற்கனவே வலி உள்ளவர்களுக்கு அதைக் கூட்டுகிறது. அப்படியே அச்சிட்டோம். கட்டுரையின் அடியில் அவருடைய கம்பெனித் தொடர்பும் நான் விலகிய காரணமும் இருந்தன.

அதற்குப் பிறகு தோட்டத்தில் வலி உள்ளவர்கள் கையாலேயே கிள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள். செல்வி இப்போது பேசுகிறாள். ஆனாலும், "நீ நிறுத்தியிருக்கலாம்" என்று சொல்லாமல் விடமாட்டாள்.

புதிதாக ஆசிரியர் பொறுப்புக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: குடும்பமும் தொழிலும் உள்ள எவருக்கும் நலன் முரண் வரும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எழுதியவரிடம் அதைக் கேட்பதற்கு முன், உங்களுடையதைக் குழுவின் முன் வாய்விட்டுச் சொல்லுங்கள். சொன்ன பிறகு எழுந்து வெளியே போங்கள்.