அங்கே வேண்டாம் என்று வந்தவள்

பிரசவ ஆஸ்பத்திரி ரிசப்ஷனில் உட்கார்ந்திருப்பவளிடம் எல்லோரும் முதலில் கேட்பது "நார்மல் ஆயிடுமா?" என்றுதான், அந்தக் கட்டடத்திலேயே அதற்குப் பதில் தெரியாத ஆள் அவள்தான். என்னைப்போல் அந்த நாற்காலியில் மாட்டிக்கொண்டவர்களுக்கு இது புரியும். எனக்கு வேலை மராட்டி பேசும் ஊரில், ஹடப்சர் பகுதியில் ஒரு சின்ன தனியார் ஆஸ்பத்திரியில். அதே ஊரின் போபோடியில் பிறந்து வளர்ந்தவள், என் தமிழில் பாதி இந்தி. மீதிப் பாதியால்தான் செல்வி எனக்குப் பழக்கமானாள்.

முதல் கேள்வி

செல்விக்குத் திருநெல்வேலிப் பக்கம். கணவர் பாண்டிக்கு ரஞ்சன்காவில் ஃபேக்டரி வேலை. முதல் பையன் இங்கே அரசு ஆஸ்பத்திரியில்தான் பிறந்தான், ஒரு குறையும் இல்லாமல். ஆனால் பாண்டியை வாசலிலேயே நிறுத்திவிட்டார்களாம். உள்ளே இவள் தமிழில் கத்த, அவர்கள் மராட்டியில் அதட்ட, பிள்ளை வெளியே வரும்வரை அப்படியே போயிற்றாம். அடுத்தது தனியார்தான் என்று பிடிவாதமாக எங்களிடம் வந்திருந்தாள். டாக்டரைப் பற்றி ஒன்றும் விசாரிக்கவில்லை. என்னிடம் கேட்டது இதுதான்: "அக்கா, வலி வாற அன்னிக்கு நீங்க டூட்டில இருப்பியளா?"

சுனந்தாவின் பதில்

சுனந்தா எங்கள் மூத்த நர்ஸ். செக்கப்புக்கு வந்து காத்திருந்த ஒருநாள், சுனந்தாவின் பிள்ளைகள் எங்கே பிறந்தார்கள் என்று கேட்கச் சொல்லி செல்வி என்னைத் தூண்டினாள். கேட்டேன். சுனந்தா இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்துவிட்டு, குனிந்து இந்தியில் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். செல்வி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். சுனந்தா சொன்னது: "ரெண்டும் சர்க்காரி ஆஸ்பத்திரியிலதான். ஆனா இந்த ஹாலில் நின்னு கேட்க வேண்டாம்னு சொல்லு."

முந்தி வந்தவள்

எட்டாம் மாதத்தில் ஒரு காலை, செல்விக்கு பிரஷர் எகிறிவிட்டது. டாக்டர் தாமதிக்காமல் ஆபரேஷன் செய்தார். பெண் குழந்தை. ரொம்பச் சின்னது, மூச்சு விடச் சிரமப்பட்டது. அவ்வளவு சின்னக் குழந்தைக்கு வேண்டிய மெஷின் எங்களிடம் இல்லை. தெரிந்த பெரிய தனியார் ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் டாக்டர் போன் செய்து பார்த்தார். எங்கேயும் இடமில்லை. கடைசியில் கொண்டுவாருங்கள் என்று சொன்னது அந்த அரசு ஆஸ்பத்திரி மட்டும்தான்.

அதைப் பாண்டியிடம் தமிழில் எடுத்துச் சொல்வது என் பொறுப்பாயிற்று. அவர் சத்தம் போடவில்லை. முழுக்கக் கேட்டுக்கொண்டு, ஆம்புலன்ஸில் ஏறப் போகும்போது திரும்பிச் சொன்னார்: "அங்க வேண்டாம்னுதானக்கா இங்க வந்தோம்."

பாண்டி தயங்கியது

தாய் எங்கள் மாடியில் தையலோடு. பிள்ளை ஊரின் அந்தக் கோடியில். பாண்டி பஸ் மாறி மாறிப் போய் வந்தார். மனைவியிடம் "நல்லா இருக்கா" என்று மட்டும் சொல்வார். சில நாளில் குழந்தை போய்விட்டது.

அன்றைக்கு அவர் மாடிக்குப் போகாமல் என்னிடம்தான் வந்தார். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். கைகழுவச் சொல்லி உள்ளே விட்டார்களாம். குழந்தையின் விரலைத் தொட விட்டார்களாம். அங்கே ஒரு நர்ஸ் தினமும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு உட்காரவைத்து விவரம் சொன்னாராம். பிறகு சொன்னார்: "அங்க நல்லாத்தான் பாத்துக்கிட்டாங்க அக்கா. அத இவகிட்ட எப்படிச் சொல்லன்னுதான் தெரியல."

உள் அறை

வீட்டுக்குப் போன பிறகு தையலைக் காட்டச் செல்வி வந்தபோது ஹால் முழுக்க வயிற்றுப் பிள்ளைக்காரிகள். பால் இன்னும் நிற்காததால் துப்பட்டாவை மார்பில் இறுக்கிப் போர்த்தியிருந்தாள். தனியாக உட்காரவைக்கலாமா, கேட்டால் வருத்தப்படுவாளா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவளே என் பக்கத்தில் வந்தாள். மெதுவாகச் சொன்னாள்: "நான் உள்ள இருந்துக்கிடுதேன்க்கா. அவங்களப் பாத்தா எனக்கு ஒண்ணுமில்ல. என்னப் பாத்தா அவங்க பயந்துருவாங்க."

வருகிறவர்களை எப்படிச் சிரித்து வரவேற்பது என்று வேலையில் சேர்ந்ததும் எங்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள்; வெறுங்கையோடு போகிறவர்களை எப்படி வழியனுப்புவது என்பதை மட்டும் அப்படிப் போகிறவர்களிடமிருந்தே கற்றுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது.