வெள்ளிப் பெயின்ட் அடித்த சக்கரங்கள்

வெள்ளிப் பெயின்ட் வாடை மூக்கில் ஏறினால் எனக்கு இன்றைக்கும் சித்தப்பாவின் கல்யாணம்தான் நினைவுக்கு வரும்; சந்தோஷமாக அல்ல, ஓர் அலுப்போடு. எழுபதுகளின் கடைசியில், ஸ்ரீரங்கத்தில் அப்பா ஓட்டிய வாடகை அம்பாசடர்தான் எங்களுக்குச் சோறு போட்டது. கல்யாணத்துக்கும் அதுவேதான் மாப்பிள்ளைக் கார். முந்தின நாள் டயர் மாற்றச் சக்கரங்களைக் கழற்றியபோது, "கல்யாணக் கார் பளபளன்னு இருக்க வேணாமா?" என்று சித்தப்பாவே உட்கார்ந்து, நட்டு உட்காரும் இடத்தைக்கூட விடாமல், வெள்ளிப் பெயின்ட்டைத் தடவித் தள்ளிவிட்டார். அது சரியாகக் காய்வதற்குள் மாட்ட வேண்டியதாயிற்று.

அப்பா நட்டு முடுக்குவதைப் பார்க்கவே பொறுமை வேண்டும். ஒன்றை முடுக்கினால் பக்கத்தில் இருப்பதற்குப் போகாமல் எதிரில் இருப்பதற்குப் போவார். ஜாக்கியை இறக்கி, சக்கரம் தரையில் ஊன்றிய பிறகு மறுபடி ஒரு சுற்று வருவார். அதோடும் விடமாட்டார். கொஞ்ச தூரம் ஓட்டி, ஓரங்கட்டி, 'வீல் ஸ்பேனரோடு' இறங்குவார். "புதுசா மாட்டுனது ஓடினாத்தான் ஒக்காரும்" என்பார். அதற்காக அவர் வாங்கிக்கட்டிக்கொண்ட பேச்சு கொஞ்சமா!

மறுநாள் காலை மண்ணச்சநல்லூரில் முகூர்த்தம். முன் இருக்கையில் அப்பாவும் நானும். பின்னால் மாலையோடு சித்தப்பா, அம்மா, அப்பாவின் அக்காவான என் அத்தை. கொள்ளிடம் பாலம் ஏறும் முன் அப்பா வேகத்தைக் குறைத்ததுமே அத்தை பிடித்துக்கொண்டாள். "மாப்பிள்ளைக் கார் நடுவழியில நிக்கக் கூடாதுடா. மண்டபத்துலதான் நிக்கணும். உன் பைத்தியத்தை இன்னிக்கு ஒரு நாள் மூட்டை கட்டி வை." சித்தப்பாவும், "ஆமாண்ணே, போங்க" என்றார். அப்பா பெருமூச்சு விட்டபடி ஓட்டினார்.

பாதிப் பாலத்தில் என் காலடியில் 'டக் டக்' என்று சத்தம். அப்பாவின் கையில் ஸ்டியரிங் உதறியது. ஊர்ந்து ஊர்ந்து பாலத்தைக் கடந்து அவர் நிறுத்தியபோது அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். முன்சக்கரத்தில் ஒரு நட்டைக் காணோம். மற்றவை விரலால் திருகினாலே சுற்றின, அடியில் காயாத பெயின்ட் நசுங்கிப் பிதுங்கி நட்டுகளின் பிடியைத் தளர்த்தியிருந்தது. பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அப்பா நாலு சக்கரத்தையும் முடுக்கி முடித்தார். முகூர்த்தத்துக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்துவிட்டோம்.

ஆனால் சித்திக்குப் பல வருஷம் குழந்தை தங்கவில்லை. எந்த விசேஷத்தில் கூடினாலும், "அன்னிக்குக் கார் நின்னுதே, அதான்" என்று அத்தை ஆரம்பித்துவிடுவாள். "நிறுத்தலைன்னா எல்லாரும் ஆத்துல கெடந்திருப்போம்க்கா" என்று அப்பா ஒரு தடவை சொன்னார். பிறகு அதைச் சொல்லவும் அலுத்துப்போனார். பக்கத்துப் பந்தியில் சித்தப்பா இலையைப் பார்த்தபடி சாப்பிட்டுக்கொண்டிருப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இப்போது அப்பா இல்லை, அத்தை இல்லை, அந்தப் பழைய பாலமும் இல்லை. டயர் கடையில் ஒரு மெஷின் 'டர்ர்' என்று ஒரே மூச்சில் முடுக்கி அனுப்பிவிடுகிறது. சமீபத்தில் அப்படி டயர் மாற்றிய கையோடு சித்தப்பாவை மண்ணச்சநல்லூருக்குக் கூட்டிப்போனேன். புதுப் பாலம் தாண்டியதும் என் தோளைத் தொட்டார். "நிறுத்தும்மா. ஸ்பேனர் வெச்சிருக்கியா?"

இறங்கி, முட்டி வலியோடு சக்கரத்தைப் பிடித்துக் குனிந்தவர் ஒவ்வொரு நட்டாக விரலால் திருகிப் பார்த்தார்.

"பெயின்ட் அடிச்சது நான்தான்னு அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கலாம், சித்தப்பா" என்று ஸ்பேனரை அவர் கையில் கொடுத்தேன்.