ரேடியோவை அதட்டுகிறவள்

ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபத்தேழு. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வைக்காவிட்டால் நாகலெட்சுமி அதட்டுவாள்.

இதோ, அதட்டிக்கொண்டுதான் இருக்கிறாள். இரண்டு கையும் தேயிலைக் கொழுந்தின் மேல் ஓடுகின்றன. கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் போனில் புதன்கிழமை காலை நிகழ்ச்சி. போரைப் பற்றியும் அது விட்டுப்போன வடுக்களைப் பற்றியும் விருந்தினர்கள் பேசுவார்கள், நேயர்கள் கூப்பிடுவார்கள். நடத்துகிறவர் கஜதீபன், யாழ்ப்பாணத்துக்காரர். "எண்பத்து மூன்றில் தொடங்கிய போர்" என்று அவர் வாயெடுத்தால் போதும்.

"எழுபத்தேழு தம்பி, எழுபத்தேழு! எங்க லயத்து வீடுகளுக்கு அப்பவே தீ வச்சாச்சு!"

அடுத்த நிரையில் கொழுந்து எடுக்கும் ஷாமிலா சிரிப்பாள். "என்னாங்க அத்த, ரேடியோக்காரரு ஒங்க மருமகனா? இந்த அதட்டு அதட்டுறீங்க!"

"மருமகனா இருந்தா இதுக்குள்ள திருத்தியிருப்பேன்டி."

பாட்டு வந்தால் அணைத்துவிடுவாள். "சார்ஜ் வீணு." அட்டை கடிக்காதிருக்கக் காலில் சவர்க்காரக் கட்டி தேய்த்துக்கொண்டு மலையேறுகிறவள், எவருக்கும் பயந்தவளில்லை. ஆனால் நிகழ்ச்சிக்கு மட்டும் கூப்பிட்டதே இல்லை. அங்கே படித்தவர்கள் பேசுகிறார்கள் என்பாள்.

போன புதன் ஒரு விருந்தினர் சொன்னார்: "மலையகத்துக்குப் போர் வரவில்லை."

நாகலெட்சுமியின் கை நின்றது.

"ஷாமிலா, அந்த நம்பர அடி."

பாதையில் நின்ற கங்காணி வீரய்யா குரல் கொடுத்தார். "அக்கா! கிலோ கொறைஞ்சா அரைப்பேருதான். அரைநாள் சம்பளம் போயிரும், பாத்துக்கங்க!"

"அத்த நிரையையும் நானே எடுக்கிறேங்க, நீங்க போங்க" என்றாள் ஷாமிலா. எடுத்த கொழுந்தை நாகலெட்சுமியின் கூடையில் போட்டாள்.

லைன் கிடைத்தது. "வணக்கம் அம்மா. எங்கயிருந்து கதைக்கிறீங்கள்?"

"மலையகம், பூண்டுலோயாவுல இருந்துங்க. போர் இங்க வரலதாங்க. நாங்கதான் அதுக்குள்ள போனோம். எழுபத்தேழு கலவரத்துல எங்கள அடிச்சு வெரட்டுனாங்க. எங்க அக்கா தைலம்மா, புருசனோட வன்னிக்கு, கிளிநொச்சிக்கு லாரி ஏறிப் போச்சு. அங்க போனா யாரும் அடிக்க மாட்டாங்கன்னு போச்சுங்க. காட்ட வெட்டி, குடிசை போட்டு, புள்ள பெத்து, பேரன் பேத்தி பாத்துச்சு. கடைசிச் சண்டையில ஒருத்தரும் மிஞ்சல."

கஜதீபன் குரலைத் தாழ்த்தினார். "அவையளும் வன்னியில செத்த ஆக்களின்ர கணக்கிலதானே அம்மா வருவினம்?"

"வரட்டுங்க. கணக்குல சேத்துக்கிட்டீங்க, சரி. அவங்க பூண்டுலோயாக்காரங்கன்னு யாரு சொன்னா? ஒருக்கா நீங்க சொல்லுங்க. நாடே கேக்கட்டும்."

வீரய்யாவும் பாதையை விட்டு நகராமல் கேட்டுக்கொண்டு நின்றார். லைனை வெட்டிவிடப் போகிறார்கள் என்றே நாகலெட்சுமி நினைத்தாள்.

கஜதீபன் செய்தி வாசிக்கும் தமிழில், நிறுத்திச் சொன்னார்: "பூண்டுலோயாவைச் சேர்ந்த தைலம்மாவின் குடும்பம்." அடுத்து, "எத்தனை பேர், அம்மா?"

நாகலெட்சுமி கையைத் தூக்கினாள். தேயிலைக் கறை ஏறிய ஐந்து விரலையும் விரித்து, மறு கையில் இரண்டு விரலை நீட்டி, போனுக்கு முன்னால் பிடித்தாள்.

"அம்மா? லைனில இருக்கிறீங்களா?"

கைகள் இறங்கவில்லை. ஷாமிலா நிரையைத் தாண்டி வந்து, போன் பக்கம் குனிந்து சொன்னாள்.

"ஏழு."